விரலில் மை, மனத்தில் நிறைவா?



தேர்தல் நாளன்று காலைத் திருப்பலி முடிந்ததும் நம் மக்கள் பலர் நேராக வாக்குச்சாவடிக்குச் செல்வதைப் பார்க்கிறோம். நடக்க முடியாத பாட்டியைப் பேரன் கைத்தாங்கலாக அழைத்துவருகிறான். வாக்களித்துவிட்டு வெளியே வரும்போது மை வைத்த விரலைப் பார்த்து முகத்தில் ஒரு பெருமிதம். ஆறு மாதங்கள் கழித்து அதே மக்களிடம் அரசியல் பற்றிப் பேசினால், "யார் வந்தா நமக்கென்ன சாமி, எல்லாம் ஒண்ணுதான்" என்ற சலிப்பே பதிலாக வருகிறது. இந்தப் பெருமிதத்துக்கும் சலிப்புக்கும் இடையில் நடப்பது என்ன?

அரசியல் அறிஞர்கள் இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்துப் பார்க்கின்றனர். மக்கள் விரும்புவதற்கும் அவர்களுடைய பிரதிநிதிகள் செய்வதற்கும் எவ்வளவு பொருத்தம் இருக்கிறது என்பது முதல் கேள்வி. மக்களாட்சி நடைபெறும் விதத்தில் மக்களுக்கு எவ்வளவு மனநிறைவு இருக்கிறது என்பது இரண்டாவது. முதலாவது சரியாகிவிட்டால் இரண்டாவது தானாகச் சரியாகிவிடும் என்று நமக்குத் தோன்றலாம். உண்மை அவ்வளவு எளிதானதல்ல.

இது கோயிலில் பேசவேண்டிய காரியமா என்று சிலர் கேட்கலாம். எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்வது திருச்சபையின் வேலை அல்ல. ஆனால் பொது நன்மைக்காக வாக்குரிமையைப் பயன்படுத்துவது குடிமக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் நினைவூட்டியது. திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1991-ல் வெளியிட்ட 'நூறாம் ஆண்டு' என்னும் சுற்றுமடலில், மக்கள் தங்கள் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கவும், அவர்களிடம் கணக்குக் கேட்கவும், தேவையானால் அமைதியான வழியில் மாற்றவும் இடமளிப்பதால் மக்களாட்சி முறையைத் திருச்சபை மதிக்கிறது என்று எடுத்துரைத்தார். எனவே இதைப் பற்றிச் சிந்திப்பது நம் விசுவாச வாழ்வின் ஒரு பகுதியே.

வாக்குகளும் இடங்களும்

முதலில் ஒரு சிறிய கணக்கு. ஒரு தொகுதியில் நூறு பேர் வாக்களிக்கின்றனர். ஒருவர் 40 வாக்கும், மற்றொருவர் 35 வாக்கும், மூன்றாமவர் 25 வாக்கும் பெறுகின்றனர். நம் நாட்டு முறைப்படி 40 வாக்கு பெற்றவர் வெற்றி பெறுகிறார். மற்ற 60 பேரும் வேறு ஆளை விரும்பினார்கள் என்பது முடிவை மாற்றாது. இது எல்லாத் தொகுதிகளிலும் நடக்கும்போது, வாக்குகளுக்கும் இடங்களுக்கும் இடையே பெரும் பள்ளம் விழுகிறது.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் ஒரே அணி வென்றது. அந்த அணி பெற்ற வாக்குகள் சுமார் 47 விழுக்காடு. அ.தி.மு.க. அணிக்கு சுமார் 23 விழுக்காடும், பா.ஜ.க. அணிக்கு சுமார் 18 விழுக்காடும், நாம் தமிழர் கட்சிக்கு சுமார் 8 விழுக்காடும் வாக்களித்த மக்களுக்குத் தங்கள் விருப்பப்படி ஓர் உறுப்பினர்கூட இம்மாநிலத்திலிருந்து கிடைக்கவில்லை. வாக்களித்தவர்களே பத்துக்கு ஏழு பேர்தான். அப்படியானால் பதிவு செய்த வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்கினரின் விருப்பமே 39 இடங்களாக மாறியது.

இது ஒரு கட்சியின் தவறு அல்ல. இந்தச் சக்கரம் எல்லோர் மீதும் ஏறி இறங்கியிருக்கிறது. 2014-ல் அ.தி.மு.க. சுமார் 44 விழுக்காடு வாக்குகளுடன் 39-ல் 37 இடங்களைப் பெற்றது. 23 விழுக்காட்டுக்கும் மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. 1991 சட்டமன்றத் தேர்தலில் 22 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய தி.மு.க. 234-ல் 2 இடங்களையே பெற்றது. 1996-ல் 21 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய அ.தி.மு.க.வுக்கு 4 இடங்களே கிடைத்தன. நாடு முழுவதும் பார்த்தால், 2014-ல் பா.ஜ.க. 31 விழுக்காடு வாக்குகளுடன் 282 இடங்களைப் பெற்றுத் தனிப் பெரும்பான்மை அடைந்தது. அதே தேர்தலில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்ற பகுஜன் சமாஜ் கட்சிக்கு மக்களவையில் ஓர் இடமும் கிடைக்கவில்லை.

இம்முறையில் நன்மைகளும் உண்டு. நம் தொகுதிக்கு இவர்தான் உறுப்பினர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்டலாம். அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அரசும் பெரும்பாலும் நிலையாக இருக்கும். ஆனால் வென்றவர் தமக்கு வாக்களித்த 40 பேருக்கு மட்டும் உறுப்பினரா, அல்லது நூறு பேருக்குமா என்ற கேள்விக்கு எந்தக் கணக்கும் விடை தருவதில்லை. அது மனச்சான்றின் கேள்வி.

தோற்றவர்களின் மனம்

மனநிறைவு எங்கிருந்து வருகிறது? ஆண்டர்சன், கில்லரி என்ற இரு ஆய்வாளர்கள் ஐரோப்பாவின் 11 மக்களாட்சி நாடுகளை ஆராய்ந்து 1997-ல் தங்கள் முடிவை வெளியிட்டனர். ஆளும் கட்சிகளுக்கு வாக்களித்தவர்கள் மக்களாட்சியில் அதிக நிறைவு காண்பதும், தோற்ற கட்சிக்கு வாக்களித்தவர்கள் குறைவாக நிறைவடைவதும் எல்லோரும் எதிர்பார்ப்பதே. ஆனால் அந்த இடைவெளி எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் இல்லை. எல்லாத் தரப்பினரையும் கலந்து முடிவெடுக்கும் வழிகள் உள்ள நாடுகளில், தோற்றவர்களும் ஓரளவு நிறைவோடு இருந்தனர். வென்றவருக்கே எல்லாம் என்று இருக்கும் நாடுகளில் தோற்றவர்களின் மனக்கசப்பு கூடுதலாக இருந்தது.

இதை நம் குடும்ப வாழ்விலிருந்தே புரிந்துகொள்ளலாம். அண்ணன் தம்பிகள் கூடிப் பேசும்போது எல்லோருடைய விருப்பமும் நிறைவேறுவதில்லை. ஆனாலும் "என்னையும் ஒரு வார்த்தை கேட்டாங்க" என்று சொல்லும் தம்பி மறுநாளும் வீட்டுக்கு வருவான். கேட்காமல் முடிவெடுத்த வீட்டில் முடிவு நல்லதாகவே இருந்தாலும் உறவு முறிந்துபோகும். நாட்டுக்கும் இதுவே பொருந்தும்.

அப்படியானால் தேர்தல் முறையை மாற்றிவிட்டால் போதுமா? நம் அண்டை நாடான இலங்கையின் அனுபவம் இங்கே நமக்குப் பாடம். அங்கே 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 விழுக்காடு வாக்குகளுடன் 168-ல் 140 இடங்களைப் பெற்றது. சுமார் 30 விழுக்காடு வாக்கு வாங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 இடங்களே கிடைத்தன. இத்தகைய ஏற்றத்தாழ்வைக் குறைக்க, வாக்குகளுக்கு ஏற்ப இடங்களைப் பகிரும் விகிதாசார முறையை 1978 அரசியல் சாசனம் கொண்டுவந்தது. அம்முறையில் முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1989-ல் நடந்தது. ஆனால் 1983-ல் வெடித்த உள்நாட்டுப் போர் 2009 வரை எத்தனையோ உயிர்களைக் குடித்தது. இடங்களின் கணக்கு நேரானாலும், சிறுபான்மையினரின் முறையீட்டைக் கேட்கும் காது இல்லையென்றால் அமைதி வராது. முறையும் வேண்டும், மனமும் வேண்டும்.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

வாக்களித்தும் தோற்றுப்போனவர்களைப் பற்றிப் பேசினோம். போட்டியிடும் உரிமையே மறுக்கப்பட்டவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள். 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் இனத்தவர் என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வழங்கியது. 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை.

இதைக் கல்வி, வேலைவாய்ப்புச் சலுகை பற்றிய பிரச்சினையாக மட்டுமே நாம் பேசிவருகிறோம். பிரதிநிதித்துவத்தின் கோணத்திலும் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44-ம், 39 மக்களவைத் தொகுதிகளில் 7-ம் பட்டியல் இனத்தவருக்கான தனித்தொகுதிகள். அத்தொகுதியிலேயே பிறந்து வளர்ந்து, அதே தெருவில் அதே தீண்டாமையைச் சந்திக்கும் ஒரு தலித் கிறிஸ்தவர் அங்கே வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்க முடியாது. ஒரே குடும்பத்தில் திருமுழுக்குப் பெற்ற தம்பிக்கு ஒரு சட்டம், பெறாத அண்ணனுக்கு ஒரு சட்டம். 2023 ஏப்ரலில் இத்தகுதியைத் தலித் கிறிஸ்தவர்களுக்கும் நீட்டிக்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக நாம் கடைப்பிடிப்பது வெறும் சடங்காகிவிடாமல், எதற்காக என்பதை நம் இளையோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிலாத்து செய்தது என்ன?

மக்கள் விரும்புவதை அப்படியே நிறைவேற்றுபவர்தான் நல்ல பிரதிநிதியா? நற்செய்தி நம்மை இங்கே நிறுத்தி யோசிக்க வைக்கிறது. மக்கள் கூட்டம் பரபாவை விடுவிக்கக் கேட்டது; இயேசுவைச் சிலுவையில் அறையக் கேட்டது. பிலாத்து கூட்டத்தைத் திருப்திப்படுத்த விரும்பியே அவ்வாறு செய்தான் என்று மாற்கு எழுதுகிறார் (மாற் 15:15). மக்களின் விருப்பத்துக்கும் ஆள்பவரின் முடிவுக்கும் இடையே அன்று முழுப் பொருத்தம் இருந்தது. கூட்டமும் திருப்தியாகவே கலைந்திருக்கும். ஆனால் குற்றமற்றவர் கொல்லப்பட்டார்.

இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வு உண்டு. எட்மண்ட் பர்க் என்பவர் 1774-ல் பிரிஸ்டல் நகரத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, உறுப்பினர் என்பவர் வாக்காளர் சொல்வதைத் திருப்பிச் சொல்பவர் அல்லர், தம் அறிவையும் மனச்சான்றையும் கொண்டு அவர்களுக்காக முடிவெடுப்பவர் என்று வெளிப்படையாகவே சொன்னார். பிறகு அயர்லாந்து மக்களின் வணிக உரிமைக்காகவும், ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கர்களுக்குச் சட்டத்தின் கொடுமையைக் குறைப்பதற்காகவும் குரல் கொடுத்தார். பிரிஸ்டல் நகரத்தார் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1780-ல் அவர் அத்தொகுதியை இழந்தார். வாக்காளரின் விருப்பத்தைவிட நீதியைப் பெரிதாக எண்ணியதற்கு அவர் கொடுத்த விலை அது. அன்று பயன் பெற்றவர்கள் நம் கத்தோலிக்க மூதாதையர் என்பதை நாம் மறக்கக்கூடாது.

ஆனால் உறுப்பினர் தம் மனச்சான்றைக் கேட்கிறாரா, வேறு யாரையாவது கேட்கிறாரா என்பதும் முக்கியம். நம் நாட்டில் 1985-ல் 52-ஆவது திருத்தத்தின் வழியாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. பணத்துக்கும் பதவிக்கும் கட்சி மாறுவதைத் தடுக்கும் நல்ல நோக்கம் அதற்கு இருந்தது. ஆயினும் கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும் என்பதால், தொகுதி மக்களின் விருப்பமும் தம் மனச்சான்றும் ஒருபுறம் இருக்க, கட்சித் தலைமையின் விருப்பமே அவையில் ஒலிக்கும் நிலை உருவானது. மக்களின் சலிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

எருசலேமில் எழுந்த முணுமுணுப்பு

பிலாத்தின் முற்றத்தில் ஒரு திருப்தியைப் பார்த்தோம். வேறொரு நிறைவைத் திருத்தூதர் பணிகள் நூல் காட்டுகிறது (திப 6:1-7). தொடக்கத் திருச்சபையில் கிரேக்க மொழி பேசுவோர் ஒரு குறையைச் சொன்னார்கள். அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்பதே அது. அவர்கள் சிறுபான்மையினர், வேற்று மொழியினர், கேட்டதோ ஏழைக் கைம்பெண்களின் உணவை. பன்னிருவர் என்ன செய்தார்கள் என்பதைக் கூர்ந்து கவனிப்போம்.

முதலாவதாக, முணுமுணுத்தவர்களை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. சபையின் ஒற்றுமையைக் கெடுக்கிறீர்கள் என்று வாயை அடைக்கவில்லை. எல்லோரையும் கூட்டி, குறையைப் பொதுவில் வைத்தார்கள்.

இரண்டாவதாக, தங்களுக்கு வேண்டியவர்களைத் தாங்களே நியமிக்கவில்லை. நற்பெயரும், தூய ஆவியின் அருளும், ஞானமும் உள்ள எழுவரைத் தேர்ந்தெடுக்கும்படி மக்களிடமே விட்டார்கள்.

மூன்றாவதாக, ஸ்தேவான், பிலிப்பு முதலாக அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அவர்களில் ஒருவரான நிக்கொலா அந்தியோக்கியாவிலிருந்து வந்து யூத மதம் தழுவியவர். குறை சொன்ன தரப்பிலிருந்தே பொறுப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதை விவிலிய அறிஞர்கள் பலர் இதில் காண்கின்றனர். பெரும்பான்மையினர் தங்கள் எண்ணிக்கையைக் காட்டி எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த யோசனை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று லூக்கா எழுதுகிறார். வென்றவர்கள் மட்டும் மகிழும் திருப்தி அல்ல இது. பசித்திருந்த கைம்பெண்ணின் வயிறும் நிறைந்த நிறைவு. அதன்பின் இறைவார்த்தை மேலும் பரவியது என்றும் அதே பகுதி சொல்கிறது.

முதலில் நம் வீட்டில்

நாட்டைப் பற்றிப் பேசும் நாம் நம் பங்குகளையும் பார்க்க வேண்டாமா? நம் பங்குப் பேரவைகளில் அன்பியங்களின் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். திருச்சபைச் சட்டப்படி (எண் 536) பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே உண்டு. இதையே காரணம் காட்டி, கேட்காமலே முடிவெடுக்கும் சோதனை குருக்களாகிய நமக்கு எப்போதும் உண்டு.

நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், ஊரின் கடைசித் தெருவிலிருந்து வந்த பேரவை உறுப்பினர்கள் கூட்டம் தவறாமல் ஒரே கோரிக்கையை வைத்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குத் தங்கள் தெரு வழியாகச் செல்லும் பாதை மழைக்காலத்தில் சேறாகிவிடுகிறது, அதைச் சீர்படுத்த வேண்டும் என்பதே அது. ஒவ்வோர் ஆண்டும் கையை உயர்த்தச் சொல்லி முடிவெடுத்தோம். ஒருமுறை கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு வென்றது. மறுமுறை தேருக்கு மின்விளக்கு வென்றது. முறைப்படிதான் எல்லாம் நடந்தது. சில ஆண்டுகளில் அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பிரச்சினை ஓய்ந்தது என்று நாமும் எண்ணிக்கொண்டோம்.

ஒரு கார்த்திகை மாதத்தில் அத்தெருவில் ஓர் அடக்கம். முழங்கால் அளவு சேற்றில் பெட்டியைச் சுமந்தவர்கள் தடுமாறினார்கள். பின்னால் வந்த ஒரு வயதான அம்மா நம் அருகே வந்து, "சாமி, எங்க தெருவுல செத்தவங்க மட்டும் ஏன் சேத்துல போகணும்?" என்று கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை. பதில் எதிர்பார்த்தும் கேட்கவில்லை. அவர்களுடைய அமைதியை மனநிறைவு என்று நாம் தவறாகப் படித்தோம் என்பது அன்றுதான் புரிந்தது. அடுத்த ஆண்டு திருவிழாச் செலவைக் குறைத்துப் பாதை போடப்பட்டது. முன்பு எதிர்த்துக் கை உயர்த்தியவர்களே மண் சுமந்தார்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. தவறாமல் வாக்களிப்போம். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகளே. நம் பங்கில் ஓர் அன்பியத்தின் எண்ணிக்கை அது. யாரையும் ஏற்க முடியாவிட்டால், 2013-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்த 'நோட்டா' பொத்தானும் உண்டு. 2014-ல் நீலகிரி தொகுதியில் 46,000-க்கும் மேற்பட்டோர் அதை அழுத்தினர். ஆனால் அது முடிவை மாற்றுவதில்லை. நம் மனக்குறையைப் பதிவு மட்டுமே செய்கிறது. பணத்துக்கு விற்ற வாக்கோ அதைக்கூடப் பதிவு செய்வதில்லை. வாங்கியவர் நமக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

2. கிராம சபைக்குச் செல்வோம். தேர்தலுக்கும் தேர்தலுக்கும் நடுவில் நம் விருப்பத்தை நேரடியாகச் சொல்லும் இடம் அது. தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்கள் அதற்கெனக் குறிக்கப்பட்டவை. இவற்றில் மே 1 தொழிலாளரான புனித சூசையப்பர் நினைவு. ஆகஸ்ட் 15 அன்னை மரியாவின் விண்ணேற்பு. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. திருப்பலி முடிந்ததும் பாயசத்தோடு வீட்டில் இருந்துவிடாமல், அன்பியமாகச் சேர்ந்து சபைக்குச் சென்று ஒரு தீர்மானத்தை முன்வைத்தால் அதுவும் விழாவின் தொடர்ச்சியே.

3. உள்ளாட்சித் தேர்தல் உரிய காலத்தில் நடக்கக் கேட்போம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் பெரும்பாலான மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் யாரிடம் போவது என்று தெரியாமல் மக்கள் அத்தனை நாள் அலைந்தார்கள்.

4. பேசாதவர்களைக் கேட்போம். பங்குப் பேரவையிலும் அன்பியத்திலும் வாக்கெடுப்புக்கு முன், இதுவரை வாய் திறக்காதவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கத்தைத் தொடங்குவோம். தோற்றுப்போன கோரிக்கைகளைக் குறித்துவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்ப்போம்.

அன்புக்குரியவர்களே, கேட்டது எல்லாம் கிடைக்கும் ஆட்சி இவ்வுலகில் எங்கும் இல்லை. ஆனால் கேட்கப்பட்டோம் என்ற நிறைவு எந்த ஊரிலும் சாத்தியம். கூட்டத்தைத் திருப்திப்படுத்திய பிலாத்தின் வழியா, கைம்பெண்களின் முணுமுணுப்புக்குச் செவிசாய்த்த திருத்தூதர்களின் வழியா என்பதை நாட்டிலும், ஊரிலும், பங்கிலும் ஒவ்வொரு முறையும் நாமே தேர்ந்தெடுக்கிறோம்.

செபிப்போம்: ஏழையின் குரலைக் கேட்கும் இறைவா, எங்களை ஆள்வோருக்கு நீதியுள்ள மனத்தையும் கேட்கும் செவியையும் தாரும். வென்றபோது தாழ்மையையும், தோற்றபோது நம்பிக்கையையும் எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் நடுவில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவர்களை அடையாளம் கண்டு, அவர்கள் பக்கம் நிற்கும் துணிவை எங்களுக்கு அருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.